தோழியின் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறீர்களா?

காலை ஆறரைக்குப் பிள்ளையை உங்கள் வீட்டில் விட்டுவிட்டுத் தோழி வேலைக்குப் போகிறார். மாலையில் வந்து அழைத்துச் செல்கிறார். மாதக் கடைசியில் பால்மாவுக்கும் சாப்பாட்டுக்கும் என்று கையில் ஒரு தொகை தருகிறார். கிள்ளான் தாமான்களில் இது அன்றாடம் நடப்பதுதான். இதற்கு உரிமம் வேண்டுமா என்பதே பலருடைய சந்தேகம்.

ஓரிரு பிள்ளைகள் என்றால் வேண்டாம். 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, 4 வயதுக்குட்பட்ட 4 பிள்ளைகளையோ அதற்கு மேலோ கட்டணத்துக்குப் பார்த்துக்கொண்டால் உங்கள் வீடே ‘தாஸ்கா’ ஆகிவிடும். அப்போது சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். ஒரு பிள்ளையில் தொடங்கி, அக்கம்பக்கத்தார் கேட்கிறார்களே என்று நான்காவது பிள்ளையையும் ஏற்பவர்கள் இந்தக் கணக்கை மறக்கக்கூடாது.

பதிவு தேவையில்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று நினைக்க வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டாலும், 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் கண்ணில் நீங்கள் ‘பராமரிப்பாளர்’. பிள்ளை துன்புறுத்தப்பட்டதாக நம்பத் தகுந்த காரணம் இருந்தால், உடனே சமூகநல அதிகாரியிடம் தெரிவிப்பது உங்கள் கடமை. தோழியின் குடும்பமாயிற்றே என்று மறைக்க முடியாது. தகவல் சொல்ல ‘தாலியான் காசே’ 15999 எண் உண்டு.

பணம் வாங்காதவருக்கும் பொருந்தும் பிரிவுகள் உண்டு. பொறுப்பில் இருக்கும் பிள்ளையைப் புறக்கணித்தாலோ துன்புறுத்தினாலோ, 31ஆம் பிரிவின்கீழ் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். தகுந்த கண்காணிப்பு இல்லாமல் பிள்ளையைத் தனியே விட்டுப் போவது 33ஆம் பிரிவில் வரும். தூங்குகிறதே என்று வீட்டைப் பூட்டிவிட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2009இல் நடந்ததைப் பாருங்கள். இரண்டு பெண் போலீஸ்காரர்கள் முறை வைத்து ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொண்டனர். காசு கைமாறவில்லை. ஆனால் ஒருவருக்கொருவர் செய்த உதவியே ‘கட்டணம்’ என்று கூறி, பதிவு செய்யச் சொன்னது அந்நாட்டு மேற்பார்வை அமைப்பு. பெரும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு அந்த விதி தளர்த்தப்பட்டது. சட்டம் எதைக் கட்டணம் என்கிறது என்பது நாம் நினைப்பதுபோல் இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. பகலில் பார்த்துக்கொள்வது வேறு, பிள்ளையை முழுதாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வது வேறு. அப்படி எடுத்துக்கொண்டால், கொடுத்தவரும் எடுத்தவரும் ஒரு வாரத்துக்குள் சிறார் பாதுகாவலரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு.

நட்பில் எழுத்து எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம். பெற்றோர் இருவரின் கைப்பேசி எண், பிள்ளையின் ஒவ்வாமை, மருந்து, அழைத்துச் செல்ல யாருக்கு அனுமதி, அவசரத்தில் எந்த மருத்துவமனை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளையின் மைகிட் நகலும் கூடவே இருக்கட்டும். நள்ளிரவில் காய்ச்சல் கொதிக்கும்போது தோழியின் தொலைபேசி அடைத்திருந்தால், அந்த ஒரு தாள்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.