சாரல் நிற்பதற்குள் மேக்கரைக்கு வாருங்கள்



சாரல் விழுந்துவிட்டது. மலையில் மேகம் தங்கும் இந்த இரண்டு மூன்று மாதம்தான் நத்தைகள் வெளியே ஊரும். காற்று வறண்டால் சருகுக்கு அடியில் வாயடைத்துக் கிடக்கும். பிறகு தலைகீழாக நின்றாலும் கண்ணில் படாது.

இரண்டு நத்தைகளைத் தேடப் போகிறோம். ஒன்று, இந்திரெல்லா ஆம்புல்லா. ஓடு மெல்லிசு, உடம்பு அதற்குள் அடங்காது. அந்த உடம்போ செக்கச்செவேலென்றோ மஞ்சளாகவோ இருக்கும். அதன் பேரினத்தில் அது ஒன்றே ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. மற்றது கொரில்லா அனாக்ஸ். (குரங்கில்லை, சிரிக்காதீர்கள்.) தட்டையாகச் சுருண்ட ஓடு, வாய்க்குள் மடிப்பு மடிப்பாகத் தடுப்பு. இதன் பங்காளிகள் அத்தனை பேரும் இலங்கையில். நம் மலையில் இது மட்டும் ஒண்டி.

அந்தப் பங்காளிகளுக்கு அங்கே கணக்கு உண்டு. எந்த உயிர் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் தேசியச் சிவப்புப் பட்டியலை இலங்கை 2012இல் வெளியிட்டபோது அதில் தரை நத்தைகளும் இடம்பெற்றன. நம் நாட்டில் தரை நத்தைக்கு அப்படியொரு தேசியப் பட்டியலே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 270 வகை, அதில் முக்கால்வாசி இங்கே மட்டுமே வாழ்பவை. புலிக்குக் கேமரா வைக்கிறோம். நத்தைக்கு? பட்டியலில் பெயர் இல்லாத உயிருக்காக எந்தச் சாலையும் வளையாது, எந்தத் தோப்பிலும் சருகெரிப்பு நிற்காது.

ஒரு கூத்தைக் கேளுங்கள். 1850இல் இந்திரெல்லாவை உலகுக்கு அறிவித்தவர் பென்சன். 1847இல் மொரீஷியஸிலிருந்து ஆப்பிரிக்க ராட்சத நத்தையைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவரும் அவரேதான்! அந்த ராட்சதனைக் கொல்லத்தான் இன்று தோட்டந்தோட்டமாக உப்பும் மருந்தும் தூவுகிறோம். மருந்துக்கு வந்தேறி எது, மண்ணின் பிள்ளை எது என்று தெரியுமா?

ஞாயிறு காலை ஆறு மணி, திருமலைக்கோவில் அடிவாரம். அங்கிருந்து மேக்கரை. வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் ஓர் அடியும் வைக்கமாட்டோம். தோப்பு வரப்பும் ஓடைக்கரையும் நமக்குப் போதும். பார்த்த இடம், தேதி, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்துப் படம்: அவ்வளவுதான். உயிருள்ளதை எடுக்காதீர்கள், புரட்டிய கல்லைப் பழையபடி வையுங்கள். இரண்டும் கண்ணில் படாவிட்டால் அதையும் எழுதி வையுங்கள்.

அட்டை கடிக்கும். அதற்காக உப்புப் பொட்டலம் கொண்டுவராதீர்கள், நத்தைமேல் பட்டால் செத்துப்போகும். காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு வாருங்கள்.