ஒரே ஏட்டில் இரண்டு பேனா



போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தேனி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தி அல்ல. முன்பெல்லாம் ஏலக்காரர் உரக்கக் கூவுவார். வணிகர்கள் விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். பிறகு அந்த வேலைக்குக் கணிப்பொறி வந்தது. 2021இல் இன்னும் ஒரு படி ஏறியது. போடியில் இருக்கும் வணிகரும், மலைக்கு அப்பால் கேரளத்துப் புற்றடியில் இருக்கும் வணிகரும் ஒரே ஏலத்தில் ஒரே சமயத்தில் விலை கேட்க வழி செய்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி. ஒரு குவியலின் விலை இப்போது 1500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போடிக்காரர் ஒரு ரூபாய் ஏற்றுகிறார். அதே கணத்தில் புற்றடிக்காரரும் ஒரு ரூபாய் ஏற்றுகிறார். விலை இப்போது என்ன?

1502 என்பீர்கள். நியாயம்தான். ஆனால் கணிப்பொறி “ஒன்றைக் கூட்டு” என்பதை ஒரே வேலையாகச் செய்வதில்லை. ஏட்டைப் பார்த்தல், மனத்தில் கூட்டுதல், ஏட்டில் எழுதுதல் என்று அது மூன்று வேலை. போடிக்காரருக்காக ஏட்டைப் பார்த்தபோது 1500. அதை எழுதி முடிப்பதற்குள் புற்றடிக்காரருக்காகப் பார்த்தபோதும் 1500. இருவர் கணக்கும் 1501. இருவரும் எழுதினார்கள். ஒரு ரூபாய் எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை, யாரும் கணக்கில் தவறவும் இல்லை. ஆனாலும் கணக்குத் தவறிவிட்டது.

பழைய ஏலக்காரர் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. இரண்டு குரல் சேர்ந்து வந்தாலும் அவர் காது ஒன்றை முன்னே வைக்கும், மற்றதைப் பின்னே வைக்கும். கணிப்பொறிக்கு அப்படி ஒரு காதை நாம்தான் வைக்கவேண்டும். வைக்க மறந்தால், யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும். இதைத்தான் பந்தய நிலை என்கிறார்கள்.

ஏல ஏட்டில் இதைச் சரிசெய்வது எளிது. ஆனால் கணிப்பொறியின் அடிமடியில், அதாவது கெர்னல் என்னும் உட்கருவில், நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் இடத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும்? அப்படி நேர்ந்த ஒரு கதையைச் சொல்லி, அதைப் பற்றி என் கருத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

உட்கருவின் வேலை என்ன? உங்கள் கைப்பேசியில் பல செயலிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நினைவகமோ ஒன்றே. அதைப் பெரும்பாலும் 4096 பைட் கொண்ட பக்கங்களாக வெட்டி, யாருக்கு எந்தப் பக்கம் என்று கணக்கு வைப்பது உட்கருதான். அது ஒரு சிக்கனக்காரர். இரண்டு செயலிகள் ஒரே கோப்பைப் படித்தால் இரண்டு பிரதி எடுக்காது. ஒரே பக்கத்தை இருவருக்கும் காட்டும். யாராவது எழுத முயன்றால் மட்டும், அப்போது அவருக்கென்று ஒரு நகல் எடுத்துக் கொடுக்கும். மூலம் அப்படியே இருக்கும். இதற்கு “எழுதும்போது நகலெடு” என்று பெயர். மிக நல்ல ஏற்பாடு இது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இதை நம் ஊர் கிராம அலுவலகத்தில் வைத்துப் பார்ப்போமா? அங்கே ஒரு மூலப் பதிவேடு இருக்கிறது. யாரும் படிக்கலாம், எழுதக் கூடாது. எழுதியே தீரவேண்டும் என்றால் ஒரு நகல் எடுத்து உங்கள் மேசையில் வைப்பார்கள். அதில் என்ன வேண்டுமானாலும் கிறுக்கிக்கொள்ளலாம்.

நீங்கள் எழுத்தரிடம், “ஏழாம் பக்கத்தில் இந்த வரியை எழுதித் தாருங்கள்” என்கிறீர்கள். அவர் ஒரு சீட்டில் “பக்கம் 7, எழுதுவதற்கு” என்று குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போகிறார். அலமாரிக்காரர் எழுதுவதற்கு மூலத்தைத் தரமாட்டார். ஆகவே நகல் எடுத்து உங்கள் மேசையில் வைக்கிறார். சீட்டில் “எழுதுவதற்கு” என்று இருக்கும்வரை அலமாரிக்காரர் தடை சொல்லிக்கொண்டே இருப்பார் அல்லவா? “நகல்தான் எடுத்தாயிற்றே, இனி என்ன பயம்” என்று எழுத்தர் அந்தச் சொல்லை அடித்துவிடுகிறார். சீட்டில் இப்போது “பக்கம் 7” மட்டும் இருக்கிறது.

அந்த நொடியில் உங்கள் தம்பி வருகிறான். “இந்த நகல் வேண்டாம்” என்று மேசையில் இருந்ததை எடுத்துக் குப்பையில் போடுகிறான். அது அவன் உரிமை. வேண்டாத பக்கத்தைத் திருப்பித் தருவது நல்ல பழக்கமும்கூட. எழுத்தர் திரும்பிப் பார்க்கிறார். மேசையில் நகல் இல்லை. சரி என்று சீட்டோடு மறுபடி அலமாரிக்குப் போகிறார். “பக்கம் 7” என்று மட்டும் இருப்பதால், படிக்கத்தானே என்று அலமாரிக்காரர் மூலத்தையே கொடுத்துவிடுகிறார். எழுத வந்த எழுத்தர் அதில் எழுதிவிடுகிறார்!

ஒவ்வொருவரும் தம் அளவில் சரியாகத்தான் நடந்தார்கள். ஆனால் பதிவேடு கெட்டது. பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே “கணிப்பொறியின் முதலாளி” என்று எழுதிக்கொள்ளவும் இதே வழி போதும்.

இது கற்பனை அல்ல. லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பின் உட்கருவில் உண்மையிலேயே இந்த ஓட்டை இருந்தது. அதற்கு “டர்ட்டி கவ்”, அதாவது அழுக்குப் பசு, என்று பெயர் வைத்தார்கள். “எழுதும்போது நகலெடு” என்பதற்குரிய மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் பசுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வரும்; அதுதான் காரணம். ஃபில் ஓஸ்டர் என்பவர் தம் கணிப்பொறிக்கு வரும் போக்குவரத்தைப் பதிவுசெய்து வைக்கும் வழக்கம் உள்ளவர். தாக்குதல் ஒன்று நடந்தபின் அந்தப் பதிவைத் துழாவினார். திருடன் கொண்டுவந்த கருவியே அதில் கிடைத்தது. 2016 அக்டோபரில் செய்தி வெளியாயிற்று. அதாவது நாம் கண்டுபிடிக்கும் முன்பே திருடன் கண்டுபிடித்துவிட்டான்.

அந்த ஓட்டை 2007 முதல் பயன்படுத்தத் தக்கதாக இருந்தது. அதற்கும் முன்பே, 2005இல், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைக் கண்டு ஒரு திருத்தம் செய்திருந்தார். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஒருவகைப் பெரிய கணிப்பொறிகளில் அந்தத் திருத்தம் தொல்லை கொடுத்தது. ஆகவே திரும்பப் பெறப்பட்டது. பின்னால் அந்தப் பெரிய கணிப்பொறிகளின் தொல்லையும் தீர்ந்தது. ஆனால் திருத்தம் திரும்பி வரவே இல்லை. ஏன்? ஏட்டளவில் உள்ள பிழை, நடைமுறையில் நேராது என்ற எண்ணம்தான். 2016இல் இரண்டாம் முறை திருத்தியபோது, பதினொரு ஆண்டுகளுக்கு முன் தாமே இதைச் சரியில்லாமல் திருத்தியதாக டோர்வால்ட்ஸ் வெளிப்படையாக எழுதினார். பெரிய மனிதர் தம் பிழையை எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதிவைப்பது நம் நாட்டில் எத்தனை அலுவலகங்களில் நடக்கும் என்று எனக்குத் தோன்றியது.

“அபூர்வமாகத்தானே நேரும், விட்டுவிடலாமே” என்கிற வாதத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோடி முயற்சியில் ஒரு முறைதான் தம்பி சரியான நொடியில் வருவான் என்று வைத்துக்கொள்வோம். மனிதர்கள் விஷயத்தில் அது ஒருநாளும் நேராதது போலத்தான். ஆனால் கணிப்பொறி விநாடிக்கு லட்சம் முறை முயன்றால்? நூறு விநாடி போதும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். மேலும், தாக்குகிறவன் தற்செயலை நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு இழையில் “எழுது, எழுது” என்றும், இன்னொரு இழையில் “தூக்கிப் போடு, தூக்கிப் போடு” என்றும் ஓயாமல் ஓட்டுகிறான்.

சரி, எப்படித் திருத்துவது? எழுத்தரை வேகமாக ஓடச் சொன்னால் போதுமா? போதாது, தம்பியும் வேகமாக ஓடுவான். தம்பியைச் சற்றுக் காத்திருக்கச் சொன்னால்? இப்படி இடையில் ஒரு தூக்கத்தைச் செருகிப் பிழையை மறைக்கிற நிரலாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். கணிப்பொறியை மாற்றினால் அந்தப் பிழை மறுபடி தலைகாட்டும்.

2016இன் திருத்தம் எளிமையானது. “எழுதுவதற்கு” என்பதை அடிக்காதே. பக்கத்தில் “நகல் எடுத்தாயிற்று” என்று கூடுதலாகக் குறித்துக்கொள். எழுதப் போகும்போது கையில் உள்ள பக்கத்தில் நகலுக்குரிய மைக்கறை இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்கு. அழகான யோசனைதான். ஆனால் கதை முடியவில்லை. 2017இல் இன்னொன்று தெரிந்தது. 4096 பைட் பக்கங்களோடு, 512 பக்கங்களை ஒன்றாகத் தைத்த 2 மெகாபைட் பெரும்பக்கங்களும் உண்டு. அவற்றில், நகல் எடுக்காமலே மைக்கறை விழ வழியிருந்தது! இந்த ஓட்டை முன்னதைவிடச் சிறியது. 2022இல் வேறொரு வகை நினைவகத்தில் ஏறக்குறைய அதே ஓட்டை. அப்போது டேவிட் ஹில்டன்பிராண்ட் “நகல் எடுத்தாயிற்று” என்ற குறிப்பையே நீக்கிவிட்டார். முன்பு நடந்ததைச் சீட்டில் எழுதி நம்பாதே, இப்போது கையில் இருக்கும் பக்கம் உனக்கே உரிய நகல்தானா என்பதை அந்தப் பக்கத்திடமே கேள் என்று மாற்றினார். மைக்கறை ஒரு அறிகுறிதான். உரிமை வேறு, அறிகுறி வேறு. ஆறு ஆண்டுக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இன்னொரு வழி பூட்டு. கம்பம் பள்ளத்தாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வீரபாண்டிக்குப் போகிறது. 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதை நம்பி இருக்கிறது. எல்லா மதகுக்கும் ஒரே சாவி, அது ஒருவரிடம் என்றால் சண்டை வராது. ஆனால் கூடலூரில் மதகைத் திறக்கும்வரை சின்னமனூர்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். லினக்ஸிலும் முதலில் உட்கரு முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு இருந்தது. அதை முற்றிலும் அகற்றி முடிக்க 2011 ஆயிற்று. ஒரு செயலியின் நினைவகம் முழுவதையும் ஒரே பூட்டால் காத்துவந்த இடத்தில், பகுதிக்கு ஒரு பூட்டு என்பது 2023இல்தான் வந்தது.

மதகுக்கு ஒரு சாவி என்றால் வேறொரு வம்பு. ஒருவர் கம்பம் சாவியை வைத்துக்கொண்டு உத்தமபாளையம் சாவிக்குக் காத்திருக்கிறார். இன்னொருவர் அதைத் தலைகீழாகச் செய்கிறார். இருவரும் நகரமாட்டார்கள். ஆகவே சாவிகளை ஆறு ஓடும் வரிசையில்தான் எடுக்கவேண்டும் என்று விதி. லினக்ஸின் நினைவக நிரலிலும் பூட்டுகளை எந்த வரிசையில் எடுக்கவேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்கள். நிரல் திறந்தே இருப்பதால் நீங்களும் படிக்கலாம்.

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் ஓடுவது லினக்ஸ் உட்கருவின் மேல்தான். 2017இல் அழுக்குப் பசு ஓட்டையைப் பயன்படுத்திய ஒரு தீய செயலி 40க்கும் மேற்பட்ட நாடுகளில் காணப்பட்டது. அதில் சிக்கியவர்களில் மிகுதியானோர் சீனாவிலும் இந்தியாவிலும்தான் இருந்தார்கள். திருத்தம் 2016லேயே வந்துவிட்டது, ஆனால் எல்லாக் கைப்பேசிக்கும் வந்து சேரவில்லை. கைப்பேசி விற்றவர்கள், விற்ற பிறகும் திருத்தங்களை அனுப்பக் கடமைப்பட்டவர்கள் என்பது என் உறுதியான கருத்து. விலை குறைந்த கைப்பேசி வாங்குகிறவருக்குத் திருத்தமும் குறைவாகத்தான் கிடைக்கும் என்பது நியாயம் இல்லை.

பள்ளிக்கும் ஒரு கோரிக்கை உண்டு. கணிப்பொறிப் பாடத்தில் ஒரு நிரலை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கக் கற்றுத்தருகிறோம். அதில் ஒரே ஒரு பேனாதான் எழுதுகிறது. இன்று உங்கள் சட்டைப் பையில் உள்ள கருவியில் எட்டுப் பேனாக்கள் எழுதுகின்றன. இரண்டு பேனாக் கணக்கைப் பன்னிரண்டாம் வகுப்புவரைகூடத் தள்ளவேண்டியதில்லை. அதைக் கற்க மின்சாரமும் வேண்டாம், கரும்பலகை போதும்.

நாளையே செய்து பாருங்கள். பலகையில் 0 எழுதுங்கள். இரண்டு பேர் வாருங்கள், ஆளுக்கொரு சாக்பீஸ். பலகையைப் பார்க்கவேண்டும், ஒருமுறை சுற்றித் திரும்பவேண்டும், பார்த்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பழையதை அழித்து எழுதவேண்டும். ஆளுக்கு 50 தடவை. முடிவில் 100 வருகிறதா? எவ்வளவு குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, இருவருக்கும் ஒரே சாக்பீஸ். அது கையில் இருப்பவர்தான் எழுதலாம். ஆனால் பலகையை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இப்போதும் குறையும்! மூன்றாவதாக, சாக்பீஸ் கையில் இருக்கும்போதுதான் பலகையைப் பார்க்கவே வேண்டும் என்று வைத்துச் செய்யுங்கள். மூன்று தடவையும் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கடிகாரத்தில் பார்த்து எண்களுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.