ஆழ்நீர்த் தேக்கங்களில் கோடை மீன்பிடிப்பு

கோடையில் நீர்நிலைகள் குறுகும்போது மீன் பிடிப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் பரம்பரையாக வந்த வழக்கம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் கண்மாய் நீர் முழங்காலளவுக்கு வற்றியதும், ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று துணியை வீசிக் காட்ட, நூற்றுக்கணக்கான ஜனங்கள் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஒரே சமயத்தில் இறங்கி, பொழுது ஏறுவதற்குள் கண்மாயைத் துழாவித் தீர்த்துவிடுவர். இவ்வழக்கத்தில் குற்றம் காண்பதற்கு இடமில்லை. அம்மீன்களைப் பிடிக்காமல் விட்டால் அடுத்த பத்துப் பதினைந்து நாட்களில் அவை சேற்றில் மடிந்து பருந்துக்கும் நாரைக்கும் இரையாகும். மறு வருஷத்துக்கு வேண்டிய மீன், வாய்க்கால் வழியே புதுநீருடன் வந்து சேரும். அல்லது குஞ்சு வாங்கி விடப்படும்.

இந்த நியாயத்தை அப்படியே ஆழ்ந்த நீர்த்தேக்கங்களுக்கும் பொருத்திப் பேசுவோர் பலர் இருக்கின்றனர். “கோடையில்தான் மீன் அகப்படும், அகப்படும்போது பிடிக்காமல் பின் எப்போது பிடிப்பது?” என்பது அவர்கள் கேள்வி. வற்றிப்போகும் கண்மாய் வேறு, வற்றாத மடு வேறு என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. கண்மாயில் பிடிபடும் மீன் எப்படியும் சாகவேண்டிய மீன். மடுவில் பிடிபடும் மீனோ, அடுத்த மழைக்கு முட்டையிட்டுக் குலத்தைப் பெருக்கவேண்டிய மீன்.

மேட்டூர் நீர்த்தேக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1934-ஆம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணையில் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிரம்பிய காலத்தில் ஏறக்குறைய 59 சதுர மைல் பரப்பை நீர் மூடிக்கொள்கிறது. கோடையில் இப்பரப்பு வேகமாகச் சுருங்கும். 2017-ஆம் வருஷத்தில் நீர்மட்டம் 30 அடிக்கும் கீழே போயிற்று. பண்ணவாடியில் நீருக்குள் மறைந்து கிடக்கும் நந்தியும், கிறிஸ்தவக் கோவிலின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரிந்தால், அவ்வட்டாரத்து விவசாயிகள் அணையின் நிலையை எவரையும் கேட்காமலே அறிந்துகொள்வர். பல மைல் அகலத்தில் பரவித் திரிந்த மீன்கள் யாவும் அப்போது பழைய ஆற்றுப் படுகையின் ஆழங்களில் நெருங்கி நிற்கும். அதுவரை பரிசலில் நாள் முழுதும் அலைந்தும் கிடைக்காத மீன் ஒரே வலை வீச்சில் வருவது இதனால்தான். மீன் பெருகிவிட்டது என்று எண்ணுவது தவறு. இடம் குறைந்துவிட்டது, அவ்வளவே.

வெயிலின் வேலையையும் இங்கே கவனிக்கவேண்டும். ஆழமான நீரில் மேல்மட்டம் சூடேறி இலேசாகி மேலேயே தங்கும். அடிநீர் குளிர்ந்து கனத்துக் கீழே கிடக்கும். காற்று பலமாக வீசாத நாட்களில் இவ்விரண்டும் கலப்பதில்லை. அடியில் அழுகும் இலை தழைகள் அங்குள்ள பிராணவாயுவை உண்டு தீர்த்துவிடும். மேலிருந்து புதிய வாயு இறங்க வழியிராது. ஆகவே அடியில் குளிர்ச்சி இருந்தாலும் மூச்சுவிட வாயு இல்லை. மேலே வாயு இருந்தாலும் சூடு தாங்கவில்லை. இவ்விரண்டிற்கும் நடுவே உள்ள ஒரு பட்டையில்தான் பெரிய மீன்கள் நிற்கும்; விடியற்காலையிலும் அந்தியிலும் மட்டும் இரைக்காக மேலே வரும். அனுபவமுள்ள பரிசல்காரர், வலையை எத்தனை அடியில் நிறுத்தவேண்டும் என்பதைக் கருவி எதுவுமின்றிக் கண்டுகொள்கிறார். திடீரென்று கோடைமழை பெய்து மேல்நீர் குளிர்ந்தால் அடிநீர் புரண்டு மேலே வருவதும், அழுகிய முட்டை நாற்றத்துடன் மீன்கள் செத்து மிதப்பதும் இத்தகைய நீர்நிலைகளில் உண்டு. உடனே யாரோ விஷம் கலந்துவிட்டதாகப் புகார் கிளம்பும். விசாரிக்கும் உத்தியோகஸ்தர்கள், முந்தின இரவு மழை பெய்ததா என்பதையும் கேட்டறிவது நலம்.

இனி மீனின் கருப்பருவத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இவ்விஷயத்தின் உயிர்நாடி அதுவே. காவிரிக்கே உரிய வெண்கெண்டை, சேல்கெண்டை, கருமுழிக் கெண்டை முதலியனவும், கோதாவரியிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட கட்லாவும் தேங்கிய நீரில் முட்டையிடுவனவல்ல. சித்திரை, வைகாசியில் இவற்றின் வயிற்றில் சினை முற்றும். தென்மேற்குப் பருவமழை தொடங்கி, ஒகேனக்கல்லைத் தாண்டிக் கலங்கல் நீர் இறங்கியதும், அவ்வெள்ளத்தை எதிர்த்து ஏறி ஓடும் நீரில் முட்டையிடும். கட்லாவில் தாய்மீனின் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முட்டை என்பது கணக்கு. அப்படியானால் பத்துக் கிலோ எடையுள்ள ஒரு தாய்மீனை வைகாசி மாதத்தில் கரையேற்றுபவர், பத்து லட்சம் முட்டையையும் சேர்த்தே தராசில் வைக்கிறார். ஆனால் வியாபாரி விலை கொடுப்பது பத்துக் கிலோவுக்குத்தான். அத்தனை முட்டையும் பிழைக்கா என்பது உண்மை. நெல்லிலும் விதைத்தது எல்லாம் முளைப்பதில்லை. அதற்காக எந்தக் குடியானவனும் விதைக்கோட்டையை அவிழ்த்துச் சோறாக்குவதில்லை.

அயல்நாடுகளில் கோடை முழுவதும் தடையின்றி மீன் பிடிக்கிறார்களே என்று எடுத்துக்காட்டுவோரும் உளர். அமெரிக்காவில் டெக்ஸாஸ், ஒக்லஹோமா ராஜ்யங்களின் எல்லையில் சிவப்பாற்றின் குறுக்கே டெனிசன் அணை 1944-இல் முடிக்கப்பட்டு, டெக்ஸோமா என்னும் பெரிய ஏரி உண்டாயிற்று. இதிலும் இதைப்போன்ற மற்ற ஏரிகளிலும் ‘வெள்ளை பாஸ்’ என்னும் மீன் கோடையில் ஏராளமாகப் பிடிபடுகிறது. காலையிலும் மாலையிலும் சிறு மீன் கூட்டங்களை மேல்மட்டத்துக்கு விரட்டிக்கொண்டு வந்து, நீர் கொதிப்பதுபோல் துள்ளித் தின்னும் இம்மீனைத் தூண்டிற்காரர்கள் படகில் துரத்திப் பிடிக்கின்றனர். டெக்ஸாஸில் ஒருவர் நாளொன்றுக்கு 25 வரை பிடிக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. 10 அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிடவேண்டும். இவ்வளவு தாராளம் எப்படிச் சாத்தியமாயிற்று? வெள்ளை பாஸ் முட்டையிடுவது வசந்த காலத்தில். ஆறுகளில் ஏறி முட்டையிட்டுவிட்டு, கோடையில் ஏரிக்குத் திரும்பிய பிறகே அது இவ்வாறு வேட்டையாடப்படுகிறது. அங்கே கோடை என்பது அறுவடைக்குப் பிந்திய காலம். இங்கே கோடை விதைப்புக்கு முந்திய காலம். பருவத்தின் பெயர் ஒன்றாயிருப்பது கொண்டு வழக்கத்தையும் ஒன்றாக்குவது, குறுவைக்குரிய நாளில் சம்பா விதையைத் தெளிப்பதற்கு ஒப்பாகும்.

அரசாங்கம் வருஷந்தோறும் மீன்குஞ்சு விடுகிறதே, தாய்மீன் போனால் என்ன என்பது இன்னொரு வாதம். 1957-இல் கட்டாக்கில் ஊசிமருந்தின் மூலம் கெண்டையினங்களை முட்டையிடச் செய்த முறை வெற்றி பெற்றபின், குஞ்சு உற்பத்தி எளிதாயிற்று என்பது மெய்யே. எனினும் விரலளவுக் குஞ்சை விட்டவுடன் அதில் பெரும்பங்கை வாளை மீன் விழுங்கும்; எஞ்சியது சிறுகண் வலையில் சிக்கும். மேலும் காலியான இடம் காலியாக இராது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை, வெள்ளத்துக்குக் காத்திராமல் நின்ற நீரிலேயே பல தடவை பெருகி, முட்டையை வாயில் வைத்துக் காக்கும் இயல்புடையது. கட்லா விட்ட இடத்தை அது பிடித்துக்கொள்ளும். விலையோ கட்லாவின் விலையன்று. ஜிலேபியை மட்டும் கோடை முழுவதும் பிடிப்பதில் ஆட்சேபம் சிறிதும் இல்லை. ஆனால் அதற்கென்று இறக்கும் சிறுகண் வலை கட்லாக் குஞ்சையும் சேர்த்து வாரிவிடாதபடி, கண்ணளவை விட்டுக்கொடுக்கலாகாது.

மீனவர்களின் கஷ்டமும் பொய்யன்று. கோடை மாதங்களே அவர்களுக்குக் கைநிறையும் காலம். அப்போது வலையை மடித்து வை என்றால் அடுப்பு எரியவேண்டாமா? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்பு நிறுத்தப்படுகிறது; அந்நாட்களுக்கு மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகையும் வழங்கப்படுகிறது. நீர்த்தேக்க மீனவர்களிடம் எத்தகைய கட்டுப்பாட்டைக் கேட்டாலும், அதே நீதியை அவர்களுக்கும் செய்தே கேட்கவேண்டும். முழுத்தடை இயலாத இடத்தில், வைகாசி நடு முதல் முதல் வெள்ளம் வடியும்வரை ஆற்றின் நுழைவாயையும், மிக ஆழமான இரண்டொரு மடுக்களையும் மட்டும் விலக்கிவிடுவது கைகூடக்கூடிய காரியம். மற்ற இடங்களில் தொழில் நடக்கலாம்.

கரையோர நிலக்காரர்களுக்கு இதில் பங்கு இல்லையென்று எண்ணவேண்டாம். நீர் விலகிய வண்டலில் கடலை, எள், சோளம் பயிரிடுவோர், பூச்சிமருந்தை அங்கே தெளித்தால் அது முதல் வெள்ளத்திலேயே நீரில் கரையும். முட்டையும் குஞ்சும் ஒதுங்குவது அதே விளிம்பில்தான். அறுவடை நாள் நெருங்கியபின் அப்படுகையில் மருந்து தெளிப்பதை நிறுத்துவதாலும், மருந்து டப்பாக்களை மேட்டுக்குக் கொண்டுவந்து புதைப்பதாலும் பயிருக்குக் குறைவு வந்துவிடாது. அறுத்த தட்டையின் அடிக்கட்டையை வேரோடு பிடுங்காமல் விட்டால், புதுநீர் ஏறும்போது குஞ்சுகளுக்கு அது மறைவிடமாகும்.

வெடி வைத்தும் விஷமிட்டும் மீன் பிடிப்பதை 1897-ஆம் வருஷத்து மீன்பிடிச் சட்டமே குற்றமாக்கிற்று. இருந்தும் நீர் குறைந்த மடுக்களில் இரவு நேரத்தில் வெடிச் சப்தம் கேட்பதுண்டு. கிணறு வெட்டவும் கல் உடைக்கவும் கொண்டுவரப்படும் வெடிமருந்தில் ஒரு பகுதி இவ்வழியில் போகாதபடி, கிணறு வெட்டும் மிராசுதார்கள் தாங்களே கணக்குப் பார்த்து மீதியைத் திருப்பி ஒப்படைக்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் வைகாசி பிறக்குமுன் கரைக் கிராமங்களில் ஒரு கூட்டம் கூட்டி, விலக்கவேண்டிய மடுக்களைப் பரிசல்காரர்களையே கேட்டுக் குறித்து, அந்த ஜாபிதாவை மீன்வளத் துறையாரிடம் சேர்ப்பித்தால், எந்த இடத்தில் காவல் தேவையென்பது அவர்களுக்குத் தெளிவாகும்.