துணிக்கட்டும் வடிகட்டியும்



சமையற்கட்டுக் குழாயின் வாயில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பதைக் காணாதவர் நம்மில் எவருமிலர். பழைய வேட்டியின் ஒரு துண்டு, அதை இறுக்கிப் பிடிக்க ஒரு நூல், அவ்வளவே. துருவும் மண்ணும் அதில் தங்கும். இரண்டு நாளில் துணி பழுப்பேறும். வீட்டுத் தாய் அதை அவிழ்த்துத் துவைத்து மீண்டும் கட்டுவார்.

இதனை அற்பமென்று எண்ண வேண்டாம். வங்காளதேசத்துச் சிற்றூர்களில், பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடிக்குமாறு பெண்களுக்குக் கற்பித்தார்கள். அவ்வூர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென 2003 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. காலராக் கிருமி நீரில் வாழும் நுண்ணுயிரினங்களின் மேல் ஒட்டிக்கொண்டு வருவது. அவற்றைத் துணி தடுக்கும்போது கிருமியும் பெரும்பாலும் தடைபடுகிறது.

இன்று அத்துணிக்கட்டு இருந்த இடத்தில், கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் வடிகட்டி ஒன்று பல வீடுகளில் வந்து அமர்ந்திருக்கிறது. அதைப்பற்றி இம்மாதம் எழுதக் காரணம் உண்டு. அக்காரணத்தில் என் குற்றமும் கலந்திருப்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பங்கின் மழலையர் பள்ளிக்கு, ஒரு குடும்பத்தார் தங்கள் பேரனின் புதுநன்மை நினைவாக இத்தகைய வடிகட்டி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார்கள். நகராட்சிக் குழாய் நீரில் வீசிய குளோரின் வாடை பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்பதே காரணம். வடிகட்டியை மந்திரித்து, குழாயில் பொருத்தச் செய்தேன். வாடை போயிற்று. அனைவரும் மகிழ்ந்தோம். அதன்பின் அதை நான் மறந்தே போனேன்.

ஏழு மாதங்கள் சென்றபின், பள்ளியில் பணிபுரியும் ஆயாம்மா என்னிடம் வந்து, தண்ணீர் நூல்போல வருகிறது என்றும், காலையில் பிடிக்கும் முதல் குடத்தில் ஒருவித நாற்றம் வீசுகிறது என்றும் சொன்னார். உள்ளே இருக்கும் உறையை மாற்றவேண்டிய காலம் என்றோ கடந்திருந்தது. "முன்னரே சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றேன். அவர் சொன்ன மறுமொழி இது: "சாமி, துணி கட்டியிருந்தப்போ அழுக்கு என் கண்ணுக்குத் தெரியும். உடனே துவைச்சுப் போட்டுடுவேன். இந்த டப்பாவுக்குள்ளே என்ன இருக்குன்னு எனக்கு யார் சொன்னாங்க?"

சொல்லியிருக்க வேண்டியவன் பள்ளியின் தாளாளனாகிய நானே. பெட்டியுள் வந்த குறிப்புத் தாளைப் படிக்காமலே அலமாரியில் வைத்தவனும் நானே. அன்றிரவு அத்தாளை எடுத்துப் படித்தேன். பொறியியல் அறிந்த அன்பர் ஒருவரையும் அழைத்துக் கேட்டேன். அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

இவ்வடிகட்டிகளுள் பெரும்பாலானவற்றின் உயிர்நாடி கரி. அடுப்புக் கரி அன்று, செயலூட்டப்பட்ட கரி. நம் தென்னையின் கொட்டாங்கச்சியே இதற்குச் சிறந்த மூலப்பொருள்களுள் ஒன்று. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இத்தொழில் நடைபெறுகிறது. கொட்டாங்கச்சியைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, பின்னர் மிகு வெப்பத்தில் நீராவியைச் செலுத்தினால், கரியினுள் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற துளைகள் உண்டாகின்றன. அத்துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்ப முடியுமாயின், ஒரு கிராம் கரி ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பைக் கொள்ளும். குளோரினும், வாடை தரும் பல பொருள்களும் இப்பரப்பில் பிடிபடுகின்றன. இதனோடு காரீயத்தை ஈர்த்துக்கொள்ளும் வேறு பொருள்களைக் கலந்து செய்யும் வடிகட்டிகளும் உள. நூலினும் மெல்லிய உட்குழல் இழைகளை அடைத்துச் செய்யும் முறையை ஜப்பானியர் 1980களில் வீட்டுக் குழாய்க்குக் கொண்டுவந்தனர். அவ்விழைகளின் துளை ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு. பாக்டீரியாக்கள் அதனுள் நுழையா. வைரஸ் கிருமிகள் அதனினும் சிறியவை, அவை நுழைந்துவிடும்.

இதை வடிவமைப்போருக்கு உள்ள இடர் சிறிதன்று. குழாயின் வாயில் தொங்கவேண்டும். ஆகவே பளுவாக இருத்தல் ஆகாது. பாத்திரம் கழுவ இடைஞ்சலாக இருத்தல் ஆகாது. நீரோ விரைந்து வரவேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். கணக்கிட்டுப் பாருங்கள்: 100 மில்லிலிட்டர் கொள்ளும் உறையின் வழியே நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால், நீர் கரியைத் தொட்டிருக்கும் நேரம் 3 வினாடியே. அதற்குள் தூய்மைப்பணி முடிந்தாக வேண்டும். நீரை மெதுவாக ஓடவிட்டால் தூய்மை கூடும், பொறுமை குறையும். உறையைப் பெரிதாக்கினால் குழாய் தாங்காது. இவற்றுக்கிடையே ஒரு நடுவழி கண்டே இச்சிறு கருவி உருவாகிறது.

ஆகையால் அதன் ஆயுளும் சிறிதே. இத்தகைய சிற்றுறைகள் பலவற்றின் அளவு ஏறத்தாழ 380 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 10 லிட்டர் எடுக்கும் குடும்பத்துக்கு அது 38 நாள் வரும். நம் பள்ளியில் 60 பிள்ளைகள். பிள்ளைக்கு ஒரு லிட்டர் என்றால் ஆறு நாளில் அது தீர்ந்துபோகும். அதைத்தான் ஏழு மாதம் வைத்திருந்தோம். இக்கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது என் கை நடுங்கியது. இன்னொன்றும் அறிந்தேன்: கரி குளோரினைப் பிடித்துக்கொள்வதால், இரவெல்லாம் உறைக்குள் தேங்கும் நீரில் கிருமிகள் தடையின்றிப் பெருக இடமுண்டு. காலை நாற்றத்துக்கு அதுவே காரணமாக இருந்திருக்கும். பிள்ளைகளில் எவருக்கும் நோய் வரவில்லை. அது என் விழிப்பினால் அன்று, இறைவனின் இரக்கத்தினால்.

இவ்விடத்தில் அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபிளிண்ட் நகரை நினைக்கிறேன். 2014 இல் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் வாழ்ந்த ஏழை நகர் அது. மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்கும் பொருட்டு, நகரின் குடிநீரை ஆற்று நீருக்கு மாற்றினர். குழாயை அரிக்காமல் காக்கும் மருந்தை நீரில் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த காரீயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு. இது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. இலத்தீனில் அதற்குப் 'பிளும்பும்' என்று பெயர். குழாய் வேலை செய்பவரைப் 'பிளம்பர்' என்று அழைப்பது அச்சொல்லிலிருந்து வந்ததே. தாய்மார் நிறம் மாறிய நீரைப் புட்டிகளில் ஏந்திச் சென்று முறையிட்டனர். நீர் நல்லதே என்று அதிகாரிகள் கூறினர். 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா அட்டிஷா என்னும் குழந்தை மருத்துவர், பிள்ளைகளின் இரத்தத்தில் காரீயம் கூடியிருப்பதைச் சான்றுடன் வெளியிட்டார். அதன் பின்னரே, அவ்வாண்டு அக்டோபரில், பழைய நீர் திரும்ப வந்தது.

குழாய்களோ பழுதுற்றே இருந்தன. அப்போது வீடு வீடாகக் கொடுக்கப்பட்டது, குழாய் வாயில் பொருத்தும் இச்சிறு வடிகட்டியே. காரீயம் மிகுந்த நீரையும் அது தூய்மைப்படுத்திற்று என 2016 இல் நடந்த சோதனைகள் காட்டின. ஆயினும் சில வீட்டுக் குழாய்களில் அது பொருந்தவில்லை. உறையை எப்போது மாற்றுவது என்பது பலருக்குத் தெரியவில்லை. எனவே வீடுதோறும் சென்று பொருத்திக் காட்டவும், மாற்றக் கற்பிக்கவும் குழுக்கள் அமைக்க வேண்டியதாயிற்று. ஆங்கிலம் அறியாதோரும், குடியுரிமைத் தாள் இல்லாதோரும் தண்ணீர் வாங்க வரவே அஞ்சினர். அவர்களுக்கு அந்நகரின் குவாதலூப்பே அன்னை பங்கு ஆலயம் கதவைத் திறந்து, குடிநீர் வழங்கும் இடமாயிற்று. கொடுத்ததோடு முடியவில்லை, கூடச் சென்று கற்பிக்கவும் வேண்டியிருந்தது என்பதைப் படித்தபோது, எங்கள் ஆயாம்மாவின் கேள்வி மீண்டும் என் காதில் ஒலித்தது.

அரசர்களின் இரண்டாம் நூலில் எரிகோ நகரத்தார் எலிசாவிடம் வந்து, ஊர் நன்று, நீர் தீது என்று முறையிடுகிறார்கள். இறைவாக்கினர் உப்பு கொணரச் செய்கிறார். அதை அவர் வீடுகளின் குடங்களில் இடவில்லை; ஊற்றுக்கே நடந்து சென்று அங்கே இடுகிறார். ஃபிளிண்டிலும் வடிகட்டி இடைக்கால உதவியே. ஏறத்தாழ 11,000 காரீயக் குழாய்களைத் தோண்டி எடுத்து மாற்றும் பணி 2025 இல்தான் நிறைவுற்றது. தூய குடிநீர் மாந்தர் அனைவருக்கும் உரிய அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் எழுதியது, அத்தாய்மார் முறையிட்டுக்கொண்டிருந்த அதே 2015 ஆம் ஆண்டில். எனவே நம் வீட்டில் வடிகட்டி இருக்கிறது என்பதற்காக, தெருக்குழாயில் கலங்கல் வரும்போது வாளாவிருத்தல் கிறிஸ்தவ அறம் ஆகாது. வடிகட்டி வாங்க இயலாத அயலாரும் அதே நீரைத்தான் குடிக்கிறார்கள்.

இனி, வடிகட்டி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை சில.

முதலாவது, உங்கள் நீரில் உள்ள குறை யாதென அறிந்து வாங்குங்கள். கரி வடிகட்டி வாடையை நீக்கும். உப்பையும் ஃபுளோரைடையும் நீக்காது. தருமபுரி, சேலம் போன்ற ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் உள்ள உறவினருக்கு இதை வாங்கி அனுப்பிப் பயனில்லை.

இரண்டாவது, கரி மட்டும் உள்ள வடிகட்டி கிருமியைக் கொல்லாது. கிருமி ஐயம் இருந்தால் நீரைக் கொதிக்க வைத்தே ஆகவேண்டும். ஆனால் காரீயமும் உப்பும் கொதித்தாலும் போகா. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடும்.

மூன்றாவது, வெந்நீரை அதன் வழியே விடாதீர்கள். காலையில் முதலில் வரும் நீரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதைச் செடிக்கு ஊற்றுங்கள். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பினால் இன்னும் சற்று அதிகமாக ஓடவிடுங்கள்.

நான்காவது, உறை மாற்றிய நாளையும் அடுத்து மாற்றவேண்டிய நாளையும் சுவரில் தொங்கும் திருவழிபாட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வீட்டில் தண்ணீர் பிடிப்பவர் எவரோ, அவருக்கு அக்குறிப்பின் பொருளைச் சொல்லிக் கொடுங்கள். உறை வாங்கப் பணம் தருபவர் ஒருவர், குடம் ஏந்துபவர் வேறொருவர் என்றிருக்கும் வீடுகளில் இது மிகவும் தேவை.

பள்ளியில் இப்போது நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, மூடியுள்ள எவர்சில்வர் டிரம்மில் ஊற்றுகிறோம். நீர் பிடிக்கும் குழாயில் பழையபடி வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது. வடிகட்டி தந்த குடும்பத்தாரின் வீட்டுக்குச் சென்று நடந்ததை மறைக்காமல் கூறினேன். அவர்கள் வருந்தவில்லை, வேண்டுமானால் வாரம் ஓர் உறை வாங்கித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், அப்பணத்துக்கு எரிவாயு வாங்கித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வடிகட்டி இப்போது பங்கு இல்லத்துச் சமையற்கட்டில், புதிய உறையுடன், இருவர் குடிக்கும் நீருக்குப் பயன்படுகிறது. மாற்றவேண்டிய நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். அது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சென்ற வாரம் ஆயாம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

உங்கள் பங்குத்தந்தை