அதே சாதம், அதே ரசம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாத்தனார் வீட்டிலிருந்த என் மாமியாரைப் போன ஆடியில் ராஜபாளையத்துக்கு அழைத்து வந்தோம். எண்பது வயது. பல் இல்லை. குழைந்த சாதமும் பருப்பு ரசமும்தான் ஒத்துக்கொள்ளும் என்று வேளை தவறாமல் அதையே கரைத்துக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் ரவிக்கை தொளதொளத்துப் போய், நானே பக்கத் தையல் பிடித்துக் கொடுத்தேன். "பசிக்கலை தாயி" என்று தட்டைத் தள்ளிவிடுவார். டாக்டரிடம் காட்டினோம். கோளாறு ஒன்றும் இல்லை.

ஒரு நாள் நாத்தனார் பால்கோவா வாங்கி வந்தாள். நாலு வாய்ச் சாதத்தோடு "போதும்" என்று கை கழுவியவர், அதை மட்டும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்! எனக்குக் கோபம்தான் வந்தது.

யோசித்தால், நாம் மட்டும் என்னவாம்? கல்யாணப் பந்தியில் சாதத்துக்கு இலையை மறைக்கிற கை, பாயசத்துக்கு விலகிக்கொள்கிறதே! அலுப்பது அந்த ஒரு ருசிதான். மற்ற ருசிக்கு ஆசை மிச்சம் இருக்கிறது. 1981-இல் பார்பரா ரோல்ஸ் என்ற அம்மையாரும் கூட்டாளிகளும் இங்கிலாந்தில் இதைச் சோதித்தார்கள். ஒரே விதமான சாண்ட்விச் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, நாலு விதமாகக் கொடுத்தபோது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே போனதாம். நம் சத்துணவுக் கூடங்களிலும் 2013 முதல் தக்காளி சாதம், எலுமிச்சை சாதம் என்று மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தார்களே, குழந்தை நாக்குக்கும் அலுப்பு உண்டு என்றுதானே!

மறுநாளே மாற்றினேன். அதே குழைந்த சாதம்தான். காலையில் கொத்தமல்லித் துவையல், மத்தியானம் கீரை மசியல், ராத்திரி பால் சோறு. அடுத்த நாள் வேறு. எல்லாம் ஒரு ஸ்பூன் அளவுதான், ஆனால் மை போல அரைக்க வேண்டும். (பிரண்டைத் துவையல் நாக்கை அரித்த அன்று மட்டும் என்னோடு பேசவில்லை!) தை மாதம் ரவிக்கைத் தையலைப் பிரித்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இளைத்தால், முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டுப் பிறகு இதைச் செய்து பாருங்கள்.

இதில் எனக்கு ஒரு தலைவலி. என் கணவருக்குச் சர்க்கரை. தொட்டுக்கொள்ள நாலு வகை இருந்தால், வகைக்கு ஒரு கரண்டி சாதம் கேட்பார். அதனால் அவருக்கு ஒரே குழம்பு. காய் மட்டும் இரண்டு விதம். அவர் முகம் வாடினால் பெற்ற மனசு கேட்குமா? அத்தை தன் துவையல் கிண்ணத்தை மெல்ல மகன் பக்கம் நகர்த்துகிறார். "நீ அடுப்பைப் பாரு தாயி" என்று எனக்கு உத்தரவு வேறு!