கட்டி விளையாடும் வீரர்கள்

கடைகளில் விற்கப்படும் வீரர் பொம்மைகள் இருவகைப்படும். பெட்டியைத் திறந்தவுடன் முழு உருவமாகக் கையில் கிடைப்பவை ஒரு வகை. பாகம் பாகமாகப் பைகளில் அடைக்கப்பட்டு, விளையாடுபவரே பொருத்தி முடிக்க வேண்டியவை மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைப் பொம்மைகளுக்குத் தீவிர ரசிகர்கள் பலர் உள்ளனர். புதிய தொடர் ஒன்று வெளிவந்தால், அது அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர்கள் நகர்ந்துவிடுவதில்லை. எத்தனை பாகங்கள் உள்ளன, எந்த மூட்டு எப்படி அசைகிறது, பழைய பாகங்களுடன் இணைகிறதா, கதை நன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் அலசுகின்றனர்.

ஒரு பொம்மைக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா எனச் சிலர் நகைக்கலாம். ஆனால், அந்த ரசிகர்களின் கேள்விகளுக்கு அடியில் நியாயமான எதிர்பார்ப்பு ஒன்று இருக்கிறது. பொருத்தி விளையாடும் பொம்மை என்று பெயர் வைத்தால், அது குழந்தையின் கைக்கும் மூளைக்கும் உண்மையாகவே வேலை கொடுக்க வேண்டும் என்பதே அது. பொம்மைகளை வாங்கப் பெற்றோர் செலவிடும் பணமும், பிள்ளைகள் செலவிடும் நேரமும் சிறியவை அல்ல. ஆகவே, இத்தகைய பொம்மைகளை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதைச் சற்றுச் சிந்திப்பது நல்லது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, டென்மார்க் நாட்டின் லெகோ நிறுவனம் வெளியிட்ட 'பயோனிக்கிள்' தொடராகும். 1932ஆம் ஆண்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஒரு தச்சரால் தொடங்கப்பட்ட நிறுவனம் லெகோ. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் டேனிஷ் மொழிச் சொற்களிலிருந்து அதன் பெயர் பிறந்தது. இன்று பயன்படும் வடிவிலான லெகோ கட்டைகளுக்கு 1958இல் காப்புரிமை கோரப்பட்டது. அக்கட்டைகளால் புகழ்பெற்ற அந்நிறுவனம், 1990களின் இறுதியில் நட்டத்தைச் சந்தித்தது. அந்த நெருக்கடியான காலத்தில், 2001ஆம் ஆண்டு வெளிவந்த பயோனிக்கிள் பெரும் வெற்றி பெற்று நிறுவனத்திற்குக் கைகொடுத்தது.

பயோனிக்கிளின் நாயகர்கள் 'டோவா' எனப்படும் ஆறு வீரர்கள். நெருப்பு, நீர், நிலம், காற்று, பனி, கல் ஆகியவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு வீரரின் ஆற்றலாகும். உருளை வடிவக் குப்பியில் ஒரு வீரருக்குரிய பாகங்கள் அடைக்கப்பட்டிருக்கும். நெருப்பு வீரரான டாஹுவைச் செய்வதற்குச் சுமார் 30 பாகங்களே தேவைப்பட்டன. ஆயினும், அந்தச் சில பாகங்களுக்குள்ளேயே பல்சக்கரங்களும் அச்சுகளும் இருந்தன. பின்புறமுள்ள சக்கரத்தைத் திருப்பினால் கை வேகமாகச் சுழலும். எதிரியின் முகமூடியைத் தட்டி வீழ்த்துவதே விளையாட்டு. பல்சக்கரம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அந்தப் பொம்மை பாடம் நடத்தாமலே புரிய வைத்தது. இன்னொரு சிறப்பும் உண்டு. மூன்று வீரர்களைப் பிரித்து, அவர்களின் பாகங்களைக் கொண்டு ஒரே பெரிய வீரரை உருவாக்கலாம். ஒரு பொம்மை ஒரே வடிவத்துடன் முடிந்துவிடுவதில்லை என்பதைக் குழந்தைகள் இதன்மூலம் அறிந்துகொண்டனர்.

எனினும், அந்தப் பழைய வீரர்கள் குறையற்றவர்கள் என்று கூற இயலாது. அவர்களின் முழங்கால்கள் மடங்கமாட்டா. ஓடுவது போலவோ, மண்டியிடுவது போலவோ அவர்களை நிறுத்த முடியாது. பழையவை அனைத்தும் பொன், புதியவை அனைத்தும் பித்தளை என்று பேசும் ரசிகர்கள் இதை மறந்துவிடுகின்றனர்.

பயோனிக்கிள் தொடர் 2010இல் நிறைவுபெற்றது. அதே ஆண்டில் 'ஹீரோ ஃபேக்டரி' என்னும் புதிய தொடர் தொடங்கியது. 2011ஆம் ஆண்டு முதல் அதில் புதிய கட்டுமான முறை ஒன்று அறிமுகமானது. மனித உடலில் எலும்பும் அதன்மேல் தசையும் இருப்பதுபோல, முதலில் எலும்புக்கூட்டைப் பந்து மூட்டுகளால் இணைக்க வேண்டும். பிறகு அதன்மேல் கவசங்களை அழுத்திப் பொருத்த வேண்டும். இம்முறையால் வீரர்களின் கைகால்கள் எல்லாத் திசைகளிலும் அசைந்தன. கவசத்தைக் கழற்றி வேறு நிறக் கவசத்தை மாட்டுவதும் எளிதாயிற்று. சிறிய பிள்ளைகளும் பெரியவர்களின் துணையின்றி ஒரு வீரரைக் கட்டி முடித்தனர். இது பாராட்டத்தக்க முன்னேற்றம்.

ஆனால், எளிமைக்கு ஒரு விலையும் இருந்தது. எலும்பு, கவசம், எலும்பு, கவசம் என ஒரே செயலே திரும்பத் திரும்ப வந்தது. பல வீரர்களிடம் பல்சக்கரமோ சுழலும் கையோ இல்லை. ஒருவரைச் செய்து முடித்தவருக்கு அடுத்தவரைச் செய்வதில் புதிதாகக் கற்பதற்கு அதிகம் இல்லை. பொருத்துவது எளிதாக இருக்க வேண்டும் என்பது சரியே. ஆனால், சிந்திக்கவே தேவையில்லாத அளவுக்கு எளிதாகிவிட்டால், அது முழு உருவமாக விற்கப்படும் பொம்மையிலிருந்து எவ்வகையில் வேறுபடும்? மூத்த ரசிகர்கள் எழுப்பும் இக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

2015ஆம் ஆண்டில் பயோனிக்கிள் மீண்டும் வந்தபோது, இந்தக் குறைக்கு ஓரளவு விடை கிடைத்தது. எலும்பும் கவசமும் கொண்ட புதிய முறையுடன், பழைய வீரர்களின் பல்சக்கர இயக்கமும் சேர்க்கப்பட்டது. புதிய டாஹுவிடம் 80க்கும் மேற்பட்ட பாகங்கள் இருந்தன. முழங்காலும் மடங்கியது, கையும் சுழன்றது. பழையதையும் புதியதையும் இணைத்த இந்த வடிவமைப்பே இவ்வகைப் பொம்மைகளுக்கு ஏற்ற வழி எனலாம். இருப்பினும், அந்தத் தொடர் 2016இல் நிறுத்தப்பட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று ரசிகர்கள் வருந்தினர்.

அடுத்து, கதையைப் பற்றிப் பார்க்க வேண்டும். பயோனிக்கிள் பொம்மைகளுடன் ஒரு நீண்ட கதையும் வளர்ந்தது. படக்கதைகள், நூல்கள், கணினி விளையாட்டு, திரைப்படம் எனப் பல வடிவங்களில் அது வெளிவந்தது. அதன் படைப்பாளர்களுள் ஒருவர் கிறிஸ்டியன் ஃபேபர் என்னும் டேனிஷ் கலை இயக்குநர். மூளையில் ஏற்பட்ட கட்டிக்காக அவர் மருந்து உட்கொண்டு வந்தார். உடலுக்குள் சென்று நோயுடன் போரிடும் சிறு வீரர்களாக அந்த மருந்துகளை அவர் கற்பனை செய்தார். அந்தக் கற்பனையே கதைக்கு வித்தானது. டோவா வீரர்கள் குப்பிகளில் மிதந்து ஒரு தீவை அடைகின்றனர். அந்தத் தீவுக்கு அடியில் மாபெரும் இயந்திர உருவம் ஒன்று உறங்கிக் கிடக்கிறது என்ற உண்மை, தொடர் தொடங்கி ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு 2008இல்தான் வாசகர்களுக்குத் தெரியவந்தது.

பிள்ளைகளால் இவ்வளவு பெரிய கதையைப் பின்தொடர முடியும் என்று அதன் படைப்பாளர்கள் நம்பினர். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இன்றும் அக்கதையை நினைவில் வைத்திருக்கின்றனர். 2015இல் வந்த கதையோ சிறு அசைவுப்படங்களுடன் சுருங்கிவிட்டது என்பது ரசிகர்களின் குறை. இதற்கு மறுபக்கமும் உண்டு. பத்தாண்டுக் கதையை அறியாத புதிய பிள்ளைகள், அதன் நடுவிலிருந்து தொடங்கினால் குழம்பிப்போவார்கள். ஆகையால், கதையைப் புதிதாகத் தொடங்கியது தவறன்று. அதை ஆழமாக வளர்க்காமல் விட்டதே குறை. மேலும், ஆயத்தக் கதை பிள்ளைகளின் கற்பனையைக் கட்டிப்போடும் என்று சிலர் கருதுகின்றனர். தம் சொந்த வீரர்களைக் கட்டி, அவர்களுக்குப் பெயரும் வரலாறும் எழுதிய ரசிகர்கள் ஏராளம். நல்ல கதை கற்பனைக்கு வேலியாக அமைவதில்லை. அது விதையாக விழுகிறது.

பொம்மையின் பெயரும் சிந்திக்கத்தக்கதே. பயோனிக்கிள் தொடரின் தொடக்கத்தில், நியூசிலாந்தின் பூர்வகுடியினரான மாவோரி மக்களின் மொழியிலிருந்து பல சொற்கள் எடுக்கப்பட்டன. 'டோவா' என்றால் மாவோரி மொழியில் வீரர். 'போஹாட்டு' என்றால் கல். தீவில் வாழும் சாதாரண மக்களுக்கு 'தொஹுங்கா' என்று பெயரிடப்பட்டது. ஆனால், மாவோரி மக்களிடையே அச்சொல் அறிவிலும் சமயச் சடங்குகளிலும் தேர்ந்த பெரியோரைக் குறிப்பதாகும். அனுமதி பெறாமல் தங்கள் சொற்களை விற்பனைப் பொருளுக்குச் சூட்டியதை எதிர்த்து, 2001இல் மாவோரி மக்கள் சிலர் குரல் கொடுத்தனர். அதன் பிறகு நிறுவனம் சில பெயர்களை மாற்றிக்கொண்டது. 'தொஹுங்கா' என்பது 'மாட்டோரான்' ஆனது.

வெறும் பொம்மைப் பெயருக்காக இவ்வளவு எதிர்ப்பா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. 'சித்தர்' அல்லது 'குரு' என்னும் சொல்லை யாரோ ஒருவர் பொருளறியாமல் ஒரு பொம்மைக்குச் சூட்டி விற்றால், தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு எப்படி இருக்கும்? சிறுபான்மை மக்களின் சொற்கள் அகராதியில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஓசைகள் அல்ல. அவற்றிற்கு உரியவர்கள் இருக்கின்றனர். தவறு சுட்டிக்காட்டப்பட்டபோது பெயர்கள் மாற்றப்பட்டது நல்ல செயல். ஆனால், பெயர் வைப்பதற்கு முன்பே அம்மக்களைக் கேட்டிருந்தால் அது மேலும் சிறந்த செயலாக இருந்திருக்கும். இனி வரும் பொம்மைத் தொடர்களும் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

விலையையும் விற்பனை முறையையும் பற்றி ரசிகர்கள் கூறுவதும் கவனத்திற்குரியது. பயோனிக்கிளின் முகமூடிகள் தனிப் பொட்டலங்களிலும் விற்கப்பட்டன. பொட்டலத்திற்குள் எந்த முகமூடி உள்ளது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். ஏற்கெனவே இருக்கும் முகமூடியே மீண்டும் வந்தால், இன்னொரு பொட்டலம் வாங்கத் தோன்றும். இன்று பல வகைப் பொம்மைகள் இதே முறையில் விற்கப்படுகின்றன. எதிர்பார்ப்பு தரும் மகிழ்ச்சிக்காக இதை விரும்புவோர் உண்டு. ஆயினும், சேமித்த பணத்தைக் கொண்டு வரும் சிறுவருக்குத் தாம் எதை வாங்குகிறோம் என்பதை அறியும் உரிமை உண்டல்லவா? கட்டிப் பார்க்கும் ஆர்வத்தால் பொம்மை விற்க வேண்டும்; ஏமாற்றத்தைத் தூண்டி விற்கக்கூடாது.

2022இல் லெகோ நிறுவனம் தன் 90ஆம் ஆண்டை நிறைவு செய்தது. அதையொட்டிப் பழைய தொடர்களுள் எதைக் காண விரும்புகின்றனர் என ரசிகர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டபோது, பயோனிக்கிளுக்குப் பெரும் ஆதரவு கிடைத்தது. 2023இல் டாஹுவின் புதிய உருவம் ஒன்று வெளிவந்தது. அது பழைய சிறப்புப் பாகங்களால் அல்லாமல், வழக்கமான சிறு கட்டைகளாலும் பாகங்களாலும் உருவாக்கப்பட்டிருந்தது. இதனால் கட்டும் வேலை கூடியது; மற்றத் தொகுப்புகளுடன் கலந்து பயன்படுத்தவும் முடிந்தது. ஆனால், அது தனியாக விற்கப்படவில்லை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் பொருள் வாங்கியவர்களுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. வளர்ந்து சம்பாதிக்கும் பழைய ரசிகர்களுக்கு இது எளிது. டாஹுவை முதன்முறையாகப் பார்த்து ஆசைப்படும் பத்து வயதுப் பிள்ளைக்கு அது எட்டாக்கனி. ஒரு காலத்தில் சிறுவர்களுக்காகப் பிறந்த வீரர், பெரியவர்களின் அலமாரிக்கு மட்டும் உரியவராக மாறிவிடக்கூடாது.

இத்தகைய பொம்மைகள் நெகிழியால் ஆனவை. சில நாளில் குப்பைக்குப் போகும் என்பது பெற்றோர் பலரின் கவலை. அது நியாயமான கவலையே. அதனால்தான் பாகங்கள் ஒன்றோடொன்று இணைவது முக்கியமாகிறது. ஒரே உருவமாக மட்டும் நிற்கும் பொம்மை சலித்துவிட்டால் மூலைக்குப் போய்விடும். பிரித்து மீண்டும் கட்டக்கூடிய பொம்மையோ, பல ஆண்டுகள் பல உருவங்களாக வாழும். அண்ணனிடமிருந்து தங்கைக்கும் செல்லும்.

ஆகவே, புதிய வீரர் பொம்மை ஒன்றை வாங்குவதற்கு முன் பெட்டியின் மேலுள்ள படத்தை மட்டும் பார்த்து மயங்கக்கூடாது. அதைப் பொருத்தும்போது புதிதாக ஏதேனும் கற்க முடியுமா, பிரித்து வேறொன்றாக மாற்ற முடியுமா, வீட்டில் இருக்கும் பாகங்களுடன் இணையுமா, விலை நேர்மையானதா என்று ஆராய வேண்டும். தயாரிப்பாளர்களும் பிள்ளைகளின் திறமையைக் குறைத்து எடைபோடக்கூடாது. 30 பாகங்களுக்குள் பல்சக்கரத்தையும் பெருங்கதையையும் தர முடிந்தது என்றால், இன்றைய வசதிகளைக் கொண்டு அதைவிடச் சிறந்ததைத் தர முடியும். ரசிகர்கள் கேட்பதும் அதையே.