மாலத்தீவு: அறைக்கு முன் படகைப் பாருங்கள்!

மாலத்தீவு என்றதும் எல்லோர் கண்முன்னும் வருவது ஒரே காட்சிதான். நீலக் கடலின் மேல் தூண்களில் நிற்கும் குடில், அதன் படியிலிருந்து நேராகத் தண்ணீரில் இறங்கும் புதுமணத் தம்பதி. அந்தப் படத்தை ரசித்துவிட்டு வாடகையைப் பார்க்கும் நடுத்தரக் குடும்பம், ‘இதெல்லாம் நமக்குச் சரிப்படாது’ என்று போனை ஓரமாக வைத்துவிடும். ஆனால், அந்த நாட்டில் தங்குவதற்கு அந்தக் குடில் மட்டும்தான் வழி என்றில்லை.

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள் உண்டு. மக்கள் வசிப்பவை 200-க்கும் குறைவு. ஆளில்லாத தீவுகளை அரசு குத்தகைக்கு விடும். ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட் இருக்கும். 1972-ல் தலைநகர் மாலேவுக்கு அருகே முதல் ரிசார்ட் திறக்கப்பட்டது. அதன் பெயர் குரும்பா. அவர்கள் மொழியில் இளம் தேங்காய் என்று பொருள். நம் ஊர் ‘குரும்பை’ நினைவுக்கு வருகிறது அல்லவா?

ரிசார்ட்டில் மணல்மேல் கட்டிய வில்லாவும் உண்டு, தண்ணீர்மேல் கட்டிய வில்லாவும் உண்டு. தண்ணீர்மேல் உள்ளதற்கு வாடகை அதிகம். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மணல்மேல் உள்ளதே நிம்மதி. ரிசார்ட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்தத் தீவில் வேறு கடையோ ஹோட்டலோ இருக்காது. காலை உணவு மட்டும் சேர்த்து புக் செய்தவர்கள், மதியம் பசித்தால் அங்கே சொல்லும் விலையைத்தான் கொடுக்க வேண்டும். அதனால் மூன்று வேளை உணவும் சேர்ந்த கட்டணத்தைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது வகை, உள்ளூர்த் தீவுகளில் இருக்கும் கெஸ்ட் ஹவுஸ். சுற்றுலாப் பயணிகள் ரிசார்ட் தீவுகளோடு நின்றுவிட வேண்டும் என்பதுதான் அங்கே பல ஆண்டுகள் இருந்த கொள்கை. மக்கள் வாழும் தீவில் விருந்தினரைத் தங்கவைக்க அனுமதி இல்லை. ஊர்க்காரர்கள் ரிசார்ட்டில் வேலைக்குப் போகலாம். தங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விட முடியாது. 2009-க்குப் பிறகுதான் இந்த நிலை மாறியது. மாலேவுக்குத் தெற்கே உள்ள மாஃபுஷி இதில் முந்திக்கொண்டது. சிறைச்சாலைக்குப் பெயர்போன அந்தச் சின்னத் தீவின் தெருக்களில் இன்று வரிசையாக கெஸ்ட் ஹவுஸ்கள். சுற்றுலாப் பணம் ஊருக்குள்ளும் வரத் தொடங்கியது. சாதாரணக் குடும்பத்துக்கும் மாலத்தீவு எட்டும் தூரத்துக்கு வந்தது.

காலையில் அங்கே தட்டில் வருவது பெரும்பாலும் ‘மஸ் ஹுனி’. சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் சேர்த்துப் பிசைந்தது. தொட்டுக்கொள்ள சப்பாத்தி போன்ற ‘ரோஷி’. மாசிக் கருவாடு போட்டுச் சமைக்கும் நம் கடலோர வீடுகளுக்கு இந்த மணம் புதிதல்ல.

ஆனால், அது விடுதி மட்டுமல்ல, ஊரும்கூட என்பதை மறக்கக் கூடாது. முஸ்லிம் மக்கள் வாழும் அந்தத் தீவுகளில் மது கிடையாது. நீச்சல் உடையில் குளிப்பதற்கென்று தனியாகக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துவதே மரியாதை. ரமலான் மாதத்தில் பகலில் பெரும்பாலான உணவகங்கள் மூடியிருக்கும்.

மூன்றாவது, சஃபாரி படகு. படுக்கையும் சாப்பாடும் படகிலேயே. நாள்தோறும் ஓர் இடமாக நகர்ந்து ஆழ்கடல் நீச்சலடிப்பவர்களுக்கு ஏற்றது. படகு ஆடினாலே குமட்டல் வருபவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் இதைத் தவிர்க்கலாம்.

நான்காவது, மாலேவிலும் ஹுல்ஹுமாலேவிலும் உள்ள நகர ஹோட்டல்கள். விமான நிலையத்திலிருந்து சாலை வழியாகவே போய்விடலாம். ராத்திரி வந்து இறங்குபவர்களுக்கு இவைதான் கைகொடுக்கும். காரணம், தொலைதூர ரிசார்ட்டுகளுக்குப் போகும் கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அறை வாடகை மலிவாக இருக்கிறதே என்று ஒரு ரிசார்ட்டைப் பிடித்துவிட்டு, போய்வரும் செலவைப் பிறகு பார்க்கிறார்கள். கடல் விமானம் என்றால் ஆளுக்கு நூற்றுக்கணக்கான டாலர் ஆகிவிடும். நான்கு பேர் குடும்பத்துக்கு அதுவே அறை வாடகையைத் தாண்டிவிடலாம். மாஃபுஷி போன்ற பக்கத்துத் தீவுக்கு ஸ்பீடு போட்டில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அரசுப் படகில் கட்டணம் இன்னும் குறைவு. ஆனால், வெள்ளிக்கிழமையில் அரசுப் படகு பெரும்பாலும் ஓடாது.

அடுத்தது வரி. சேவைக் கட்டணம் 10 சதவிகிதம், சுற்றுலா வரி 17 சதவிகிதம். இவை போக, ஆளுக்கு ஓர் இரவுக்கு ‘பசுமை வரி’: ரிசார்ட்டில் 12 டாலர், 50 அறைக்கு மிகாத கெஸ்ட் ஹவுஸில் 6 டாலர். இவை எதுவும் சேராமல் 100 டாலர் என்று போட்டிருக்கும் கெஸ்ட் ஹவுஸ் அறையில் இருவர் தங்கினால், பில் சுமார் 140 டாலரில் வந்து நிற்கும்.

இந்தியர்களுக்கு விசா அங்கே இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கிறது. தங்குமிட முன்பதிவைக் காட்ட வேண்டும் என்பதால், ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கிளம்ப முடியாது. ஆகவே, பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை மூன்று. விமான நிலையத்திலிருந்து அந்தத் தீவுக்கு எப்படி, எவ்வளவு? சொல்லும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா? எத்தனை வேளை சாப்பாடு? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு, வில்லாவா கெஸ்ட் ஹவுஸா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவுசெய்யலாம். இரண்டு ராத்திரி கெஸ்ட் ஹவுஸ், ஒரு ராத்திரி ரிசார்ட் என்று பிரித்துக்கொள்பவர்களும் உண்டு. கடல் இரண்டு இடத்திலும் ஒரே நீலம்தான்.